அப்பாவோட ரத்தப் பரிசோதனை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூணு பேரும் சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். நான் நல்லாத்தான் இருக்கேன், அப்பாவும் அப்படித்தான்னு எழுதத்தான் கை வரமாட்டேங்குது.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன்னு போன்ல சொன்னேன் இல்லையா, தண்ணி மோட்டாரைத் தனி ஆளாத் தூக்காதீங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டும் கேக்காம தூக்கி வந்த வினை. ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கு நல்லாத்தான் பேசினார், அப்படியே தொப்பையையும் வெட்டி எடுத்துடுங்கன்னு நர்ஸைச் சிரிக்க வச்சார். ரத்தம் எடுத்தாங்க, மறுநாள் திரும்பவும் எடுத்தாங்க, சர்க்கரை கூடிப்போச்சோன்னுதான் நினைச்சேன். சாயங்காலம் டாக்டர் எங்களை ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மனைவி இருக்கலாமான்னு அப்பாகிட்டக் கேட்டார், இருக்கட்டும்னார் இவர். ஆபரேஷனுக்கு முன்னாடி பாக்குற சோதனையில எச்.ஐ.வி. இருக்குன்னு வந்திருக்கு, வேற முறையிலயும் பாத்து உறுதி பண்ணிட்டோம்னார். எனக்குக் காது அடைச்சுப்போச்சு பாப்பா. டாக்டர் வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. அப்பா என் பக்கம் திரும்பவே இல்ல. எனக்கு ஆபரேஷன் வேணாம், வீட்டுக்குப் போறேன்னு எழுந்தார். எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, சட்டையைப் பிடிச்சு உட்கார வச்சேன். "நாளைக்கே பண்ணுங்க டாக்டர்"னேன். பண்ணலாமே, அதுக்கு இது ஒரு தடையே இல்லைன்னார் அவர், மாத்திரையை விடாம சாப்பிட்டா மத்தவங்க மாதிரியே வாழலாம்னும் சொன்னார்.

என் ரத்தத்தையும் பாத்தாங்க, இல்லைன்னு வந்திருக்கு, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கணுமாம், நீ பயப்படாதே. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. ஆனா வந்ததுலேருந்து தனித் தட்டு, தனி டம்ளர்னு ஒதுக்கி வச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்து சாப்பிடுறார். சேர்ந்து சாப்பிட்டா, தொட்டா வராதுன்னு டாக்டர் சொன்னதைக் காதுலயே வாங்கல போல. நேத்து அந்தத் தட்டைப் பிடுங்கி மத்த பாத்திரத்தோட போட்டுக் கழுவிட்டேன். எப்படி வந்துச்சுன்னு நான் இன்னும் கேக்கல, அவரும் சொல்லல. மாத்திரை போட்டாரான்னு பாத்துட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறேன். கோபம் மலை மாதிரி இருக்கு. ஆனா அவர் உயிரோட இருந்தாத்தானே நான் கேக்க முடியும்.

உனக்கு என்னையே எழுதச் சொல்லிட்டார், தன் வாயால முடியாதுன்னார். எழுத உட்கார்ந்தப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டார், "குட்டியைத் தூக்க விடுவாளா?" அதுக்குப் பதில் நீதான் சொல்லணும். திட்டுறது என் பங்கு, அதுல நீ கை வைக்காதே.

நீங்க மூணு பேரும் நோய்நொடி அண்டாம நிறைஞ்ச ஆயுசோட இருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார், எனக்குப் பண்ணாதே, அவருக்குப் பண்ணு.

உன் அம்மா