தாண்டி வாசித்த வரி

அக்கா,

இன்று காலை நகராட்சி ஆட்கள் எங்கள் வீதிச் சாக்கடையில் வெள்ளைப் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். நான் வீட்டு முன்நடையான அஞ்சடியில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி என்னவோ ஏதோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவரிடம் என்ன சொல்வது? அது எனக்குச் சாக்கடையின் நெடி அல்ல. உங்கள் தோட்டத்துக் கிணற்றின் நெடி. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகாவது இதை உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமூகச் சேவைச் சங்கத்துக்காக ரப்பர் தோட்டங்களுக்குப் போய் வந்தேன். தீவிலிருந்து ஃபெர்ரியில் கடந்து, பஸ்ஸில் நிபோங் திபால் வரை வந்து, அங்கிருந்து செம்மண் சாலையில் நடை. "உனக்கேன் பிள்ளை உந்தக் குப்பை வேலை?" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் கால் வைத்ததில்லை.

முதல் கூட்டத்தில் நான் எங்கள் வீட்டுப் பேச்சில் "கதைப்பம், வாங்கோ" என்றதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் முன்னால் வந்து உட்கார்ந்தது நீங்கள். பால் மரம் வெட்டிவிட்டு வந்த உடுப்போடு, கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்க. என்னை மிஸி என்று கூப்பிட்டீர்கள். நான் தாதியில்லை, ஆபீசில் டைப் அடிக்கிறவள் என்று விளக்கினேன்.

"நல்லது சொல்ல வர்ற பொம்பள எல்லாம் எங்களுக்கு மிஸிதான், விடுங்க. ஆயாக்கொட்டகைய வந்து பாருங்க மொதல்ல."

போய்ப் பார்த்தேன். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளின் உதட்டில் ஈ. கொட்டகைக்குப் பின்னால், இரண்டு லயத்துக் குப்பையும் வந்து விழும் இடம். மீன் தலை, பால் டின், கிழிந்த பாய், எலி. ஆற்றோரக் கிராமமான கம்பத்துக்காரர்களும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் யாரும் அள்ளுவதில்லை. அள்ள ஆளில்லை என்றார்கள்.

திட்டம் போட்டது நாம் இருவரும்தான். தாளில் எழுதியது நான், அதற்கு உயிர் கொடுத்தது நீங்கள். வீட்டுக்கு இரண்டு டின். சமையல் கழிவு ஒன்றில். கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் மற்றதில். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கழிவு டின்னில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு. பழைய பால் வண்டியின் சக்கரத்தில் பலகை அடித்து ஒரு தள்ளுவண்டி. வீடு மாற்றி வீடு, முறை வைத்துத் தள்ள வேண்டும். கழிவைக் குழியில் மூடி எருவாக்கி, கீரைப் பாத்திக்குப் போடுவது. நான் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னதை எல்லாம் நீங்கள் லயத்து வாழ்க்கைக்குள் நுழைகிற அளவுக்கு வெட்டிக் குறைத்தீர்கள்.

குழிக்கு இடம் பார்க்க, நல்ல மழை நாளில்தான் வரச் சொன்னீர்கள். கோணிப்பையை மடித்து என் தலையில் கவிழ்த்துவிட்டு, கணுக்கால் சேற்றில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தீர்கள். பள்ளத்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றது.

"இங்க வேணாம் மிஸி. இங்கேருந்து முப்பது எட்டு வச்சா கெணறு. பால் வாளி தூக்கி நடந்த காலு, தப்பா எண்ணாது. மேட்டு லயத்துக்கு அந்தாண்ட, பழைய மாட்டுக்கொட்டாய் கெடக்குதே, அதான் எடம். தண்ணி நிக்காது."

அப்படியே எழுதிக்கொண்டேன். படமும் வரைந்தேன். நீங்கள் அந்தப் படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்ம ஊரு இம்புட்டுத்தானா?" என்று கேட்டீர்கள்.

மானேஜர் மேட்டு நிலத்தைத் தரவில்லை. அங்கே எண்ணெய்க்குச் செம்பனைக் கன்று வளர்க்கப் போகிறார்களாம். பள்ளத்து லயத்துப் பின்புறம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் சங்கத் தலைவர் ஒரு வக்கீல். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அலுவலகத்துக்கே வந்து மானேஜருக்குப் போகவேண்டிய திட்டத் தாளை என் மேஜைமேல் வைத்தார்.

"குடுக்கிற எடத்த வாங்கிக்குவோம் லா. ரெண்டு மாசத்துல மேட்டுக்கு மாத்திடலாம், நான் பேசிக்கிறேன். ஆனா தாளுல ஊர்க்காரங்களே தேர்ந்தெடுத்த எடம்னு இருக்கணும். இது மக்கள் திட்டம். நாம திணிச்ச மாதிரி தெரியக்கூடாது."

நான் டைப் அடித்தேன் அக்கா. ஆங்கிலத்தில் ஒரே வரி: இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஊர்ப் பெண்கள் குழு. அந்த ஞாயிறு உங்கள் வீட்டில் அமர்ந்து தாள் முழுவதையும் உங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்தபோது தாண்டிவிட்டேன். இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒன்றால் கெட்டுப்போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் பெயரில் ஒரு காரியம் நடக்கப்போகிறது என்ற ஆசை. குழுவின் சார்பில் நீங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டீர்கள். மை காயட்டும் என்று ஊதினீர்கள்.

பள்ளத்தில் குழி வெட்ட ஆரம்பித்ததும் நீங்கள் என்னிடம் ஓடி வந்தீர்கள்.

"என்ன மிஸி இது? மேட்டுலன்னுதான பேசினோம்?"

"இப்போதைக்குத்தான் அக்கா. ரெண்டு மாசத்தில மாத்திடுவினம். தலைவர் சொல்லிப்போட்டார்."

குழியை ஒருமுறை எட்டிப் பார்த்தீர்கள். பிறகு நீங்களே பெண்களிடம் போய், "ரெண்டு மாசம்தானாம், ஆரம்பிப்போம்" என்றீர்கள். அவர்கள் என்னை நம்பித் தொடங்கவில்லை. உங்களை நம்பித்தான்.

நன்றாகத்தான் நடந்தது, அதுதான் கொடுமை. குடிகாரர்கள் வீட்டு வாசலில்கூட இரண்டு டின் நின்றது. கம்பத்திலிருந்து வந்து கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஆயாக்கொட்டகையில் ஈ குறைந்தது. உங்கள் அடுத்த வீட்டுப் பாக்கியம், தன் நான்கு வயது மல்லிகாவை வண்டிமேல் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு வாசலிலும் "குப்ப, குப்ப" என்று கூவும். இரண்டு மாதம் போனது. தலைவரிடம் ஒரு முறை நினைவுபடுத்தினேன். "ஆகட்டும்" என்றார். இரண்டாவது முறை நான் கேட்கவில்லை.

ஆண்டுக் கடைசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. குழி நிரம்பி வழிந்து, தண்ணீர் தன் வழியே கிணற்றுக்குப் போனது. முதலில் பள்ளத்து லயத்தில் மூன்று வீட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். பிறகு ஏழு வீடு. மல்லிகாவைத் தோட்டத்து லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், பாக்கியத்தின் மடியில், பிள்ளை போய்விட்டது.

செய்தி வந்து நான் ஓடி வந்தபோது கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, வெள்ளைப் பவுடரை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. சுகாதார அதிகாரி ஒருவர், மானேஜர், எங்கள் தலைவர். கீழே முற்றத்தில் இரண்டு லயத்து ஜனமும் கம்பத்து ஜனமும். இந்த இடத்தில் குழி வெட்டச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். தலைவர் தாளை நீட்டினார். ஆபீஸின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி, அதை வாங்கி உரக்கத் தமிழில் சொன்னார்.

"எடத்தத் தேர்ந்தெடுத்தது பொம்பளைங்க குழுதான்னு போட்டிருக்கு. கீழ இவங்க கையெழுத்து இருக்கு."

அவர் விரல் உங்களைக் காட்டியது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாக இல்லை, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பதுபோல. நான் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும். 'அவர் அந்த இடம் வேண்டாம் என்றார், அந்த வரியை எழுதியவள் நான்.' வாய் திறக்கவில்லை. தலைவர் என் அருகில் நின்றார், வேலை, வீடு, பெயர் எல்லாம் கண்முன் வந்தது என்று இன்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அன்று தோன்றியது ஒன்றுதான்: பயம்.

அன்று மாலை ஊரே தன் டின்களைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் எறிந்தது. சுண்ணாம்புப் பொட்டு வைத்த டின்களும் வைக்காதவையும் படிவரை குவிந்தன. நீங்கள் உள்ளே பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு டின்னைக்கூட எடுத்து ஒதுக்கி வைக்காமல் நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் உங்கள் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த வருடமே நீங்கள் குடும்பத்தோடு பாகான் டாலாமுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. நான் உங்களைத் தேடி வர இரண்டு வருடம் ஆனது. பலகை வீடு, முன்னால் ஒரு முருங்கை. எனக்குத் தேநீர் கலந்து வைத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"எடம் தப்புன்னு எனக்கும் தெரியும் மிஸி. தெரிஞ்சும் ஆரம்பிச்சேன். அது எந்தலையில இருக்கட்டும். ஆனா நான் சொன்னேன்னு எழுதிட்டீங்களே."

மன்னித்துவிடுங்கள் என்றேன். நீங்கள் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினீர்கள். வேறொன்று கேட்டீர்கள்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. பாக்கியத்துக்கிட்ட சொன்னீங்களா? கெப்பாலா பத்தாஸ் பக்கம் கோழிப் பண்ணையில இருக்காளாம். நான் போய்ச் சொன்னா தப்பிச்சிக்கப் பாக்குறேன்னு நெனப்பா. எழுதினவங்க சொல்லணும்."

போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போகவில்லை. அடுத்த முறை வந்தபோதும் கேட்டீர்கள். அதற்கடுத்த முறை நீங்கள் கேட்கவில்லை. வாசலில் என்னைக் கண்டதும் உங்கள் முகம் கேட்டது. ஆகவே நான் வருவதை நிறுத்திக்கொண்டேன். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். பிறகு அதையும் நிறுத்தினேன். வருடங்கள் போயின. எனக்குச் சம்பளம் உயர்ந்தது, கண்ணாடி போட்டேன், அம்மா இறந்தார். சங்கத்தின் மலரில் அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. மல்லிகாவின் பெயர் அதில் இல்லை.

போன மாதம் ஃபெர்ரியில் ஒரு பெண் என் எதிரில் வந்து நின்று "மிஸிதான நீங்க?" என்றாள். உங்கள் மகள். உங்கள் தாடை அவளுக்கு.

"அம்மா போயி நாலு மாசமாச்சு மிஸி. நெஞ்சுவலி. உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சோம், எங்கேன்னு தெரியல."

இந்த ஞாயிறு நான் கெப்பாலா பத்தாஸ் போனேன், அக்கா. தேடவே வேண்டியிருக்கவில்லை. பண்ணை வாசலில் பெயரைச் சொன்னதும் கை காட்டினார்கள். பாக்கியம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மழையில் நீங்கள் எண்ணிய எட்டுகள், மேட்டு நிலம், தலைவர் வைத்த தாள், நான் அடித்த வரி, வராந்தாவில் நான் திறக்காத வாய். எதையும் விடவில்லை. அவள் கையில் பிழிந்த துணி அப்படியே இருந்தது.

"இப்ப அக்கா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"மொதல்ல எறிஞ்சது நான்தான் மிஸி. எம்புள்ளய தின்னுட்டடின்னு கத்தினேன். அவங்க வெளிய வரவே இல்ல." பிறகு தனக்குத் தானே சொல்வதுபோல, "பாகான் டாலாம் ஒரு பஸ்ஸுதான். நீங்க வந்து சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே. போயி அவங்க கையப் புடிச்சிருப்பேனே."

பிறகு எழுந்து துணியைக் கொடியில் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் வந்துவிட்டேன்.

மல்லிகாவின் சாவில் மழைக்குப் பங்குண்டு, மானேஜருக்கு, தலைவருக்கு, எனக்கு. அதை நான் பலரோடு சுமக்கிறேன். ஆனால் ஒரே மண்ணில் சுவர் ஒட்டி வாழ்ந்த நீங்கள் இருவரும், அத்தனை வருடம், ஒரு பஸ் தூரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருந்தீர்களே. அதில் வேறு யாருக்கும் பங்கில்லை, அக்கா. அது முழுக்க என்னுடையது.