ஷீட் ரூமில் நின்ற மரம்

என் அம்மாவுக்கு,

நீ "துரை" என்று கூப்பிட்ட மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த அறையில் மாமி தூங்குகிறாள். போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அப்பா மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். எனக்குத் துணையாக அப்பாவின் அக்கா, என் மாமி, வந்து இருக்கிறாள். நேரத்துக்குச் சோறு கிடைக்கிறது. யூனிபார்ம் தேய்த்து வைத்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

டிசம்பர் பிறந்ததும் ஊரில் எல்லா வீட்டிலும் ஸ்டார் தொங்கியது. நம் வீட்டில் தொங்கவில்லை. துக்க வருஷம். மாமி ஸ்டாரையும் குடில் பொம்மைப் பெட்டியையும் சீரியல் பல்பையும் ரப்பர் ஷீட் அடுக்கும் அறையில் வைத்துப் பூட்டப்போனாள். பிறகு ஹாலுக்கு வந்து தொட்டியில் நின்ற துரையைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்கு ஒரு பக்கம் பிடி."

"மாமி, அது செடில்லா?"

"செடியா? பேரே கிறிஸ்மஸ் மரம். துக்க வீட்டுல மரம் வச்சிருக்காவன்னு சபையில நாலு பேரு பேசணுமா? உங்க அம்மைக்கு வருஷம் திரும்பட்டு, எடுக்கலாம். பிடி மக்கா."

நான் பிடித்தேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். மாமி தனியாக அந்தத் தொட்டியைத் தூக்கியிருக்க முடியாது.

நீ குலசேகரத்து நர்சரியில் அதை வாங்கும்போது அது என் முழங்கால் உயரம். இப்போது என் தோளைத் தொடுகிறது. "துரைக்கு நேர் வெயில் ஆகாது, இருட்டும் ஆகாது. வேருல தண்ணி நிக்கப்பிடாது, காயவும் பிடாது. உங்க அப்பாவுக்குச் சமைக்கது இதைவிட லேசு" என்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தொட்டியைக் கால்வாசி சுற்றித் திருப்புவாய். வெளிச்சத்தைப் பார்த்து ஒரு பக்கமாகச் சாயக்கூடாது என்று. ஷீட் ரூமில் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? அங்கே ஜன்னலே இல்லை.

அப்பா வீடியோ காலில் கேட்டார், மரம் எப்படி இருக்கிறது என்று. மாமி பக்கத்தில் நின்றாள். "நல்லா இருக்கு" என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன்.

இன்றைக்கு ஷீட் எடுக்க வியாபாரி வந்தார். கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். கீழே இரண்டு தட்டுக் கிளைகளும் பழுப்பாகிவிட்டன. ஒன்றைத் தொட்டேன், ஊசி ஊசியாக உதிர்ந்தது. போன கிளை திரும்ப முளைக்காது என்று நீ சொல்லியிருக்கிறாய். மேலே நுனி மட்டும் வெளிறிய பச்சையாக நின்றது.

மாமி தூங்கிய பிறகு அடுக்களை ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். தொட்டியைச் சாக்கின் மேல் சாய்த்து ஏற்றி, சாக்கைப் பிடித்து என் அறைக்கு இழுத்து வந்தேன். சத்தம் கேட்கவில்லை. வாசல்படியில் மட்டும் ஒரு தடவை இடித்தது. மாமி இருமினாள். நான் சாக்கை விடாமல் நின்றேன். பிறகு ஒன்றும் இல்லை.

இங்கே வந்ததும் நீ செய்வதுபோல விரலை மண்ணுக்குள் விட்டேன். ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த மண் கல்லாகியிருக்கும் என்று நினைத்தேன். ஈரமாக இருந்தது. தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை எடுக்கத் திரும்பிப் போனேன், அதில் தண்ணீர் தேங்கி நின்றது.

நான் ஊற்றவில்லை. வியாபாரி ஊற்றியிருக்க மாட்டார். அந்தச் சாவியை இன்றுவரை மாமியைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அம்மா, மாமி ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஊர் பேசுமே என்று மரத்தைப் பூட்டிவைத்தவள், யாருக்கும் தெரியாமல் போய் எத்தனை நாள் தண்ணீர் விட்டாள்? வெளிச்சமும் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய ஆள் நான். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். ஜன்னலை ஒட்டி வைக்கவில்லை, இருட்டிலிருந்து வந்தது உடனே வெயில் தாங்காது. கட்டிலின் இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறேன். நாளுக்கு ஒரு சாண் நகர்த்துவேன். பிழைக்குமா தெரியவில்லை.

விடியுமுன் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வைக்க மாட்டேன். ஐந்து மணி ஜெபத்துக்கு எழுப்ப மாமி இந்தக் கதவைத் திறப்பாள். அப்போது நானே சொல்வேன், தண்ணீர் போதும் மாமி, அதற்கு வெளிச்சம்தான் வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பழுப்பான பக்கத்தைக் காட்டுவேன். பிறகு தொட்டியைக் கால்வாசி திருப்புவேன். கனமாக இருக்கும். ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி மாமியைக் கூப்பிடுவேன்.

உன் மகள்,
துரைக்கு அக்கா.