தகப்பன் பெயர்

லா சப்பல், பாரிஸ்
22 ஜூன், ஞாயிறு

அன்புள்ள மலருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். மன்னாரில் வெயில் எப்படி? இங்கேயும் இந்த வருடம் பொல்லாத வெக்கை.

போனில் சொல்லியிருக்கலாம். நீர் போனைச் சத்தமாக விட்டுவிட்டுச் சமைப்பீர், பிள்ளை அடுத்த அறையில் இருப்பாள். இந்த விடயம் அவள் காதில் அப்படி அரைகுறையாக விழக்கூடாது. அதனால் பூசை முடிந்து ரூ பெர்தொனே தெருவுக்கு வந்து, தேத்தண்ணிக் கடையில் ஒரு மூலை மேசையைப் பிடித்து எழுதுகிறேன். கடைக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உம்மை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்தை ஏற்றுப் பதிந்துவிட்டார்கள். கார்த்திகை அளவில் நீர் வரலாம் என்கிறார்கள். உம்மை மட்டும்தான் பதிந்தார்கள் என்பதை ஏப்ரலில் சொன்னேன், ஏன் என்று முழுதாகச் சொல்லவில்லை. மார்ச் பதினொன்றில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது, அதற்குப் பிறகு பிள்ளை என்ற கணக்கில் இங்கே கூப்பிட முடியாது என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. அப்பா பராக்குப் பார்த்துக்கொண்டிருந்து நாளைக் கோட்டைவிட்டுவிட்டார் என்று உம்மிடம் சொன்னாளாமே. நான் கோட்டைவிடவில்லை, மலர். நடந்தது அதைவிட மோசம்.

நான் நிலம் துடைக்கிற கந்தோரில்தான் வெளிநாட்டாரின் குடும்பங்களைக் கூப்பிடும் அலுவல் நடக்கிறது என்று உமக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு பெட்டி வைத்தார்கள். அரசாங்க வேலையில் புதுமை செய்யப்போகிறோம், இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற யாரும் யோசனை எழுதிப் போடலாம், துப்புரவு ஆட்களும் போடலாம் என்றார்கள். எங்களையும் ஆட்களாக மதித்துக் கேட்கிறார்களே என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தக் கிழமைதான் மாலி நாட்டுப் பெண் ஒருத்தி, நான் துடைத்த ஈரத்தின் மேலேயே இருந்து அழுதாள். பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைப் பதினொரு மாதம் கழித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிழையை அன்றைக்கே சொன்னால் என்ன, தகப்பன் பெயரும் பிள்ளையின் பெயரும் பொருந்துகிறதா என்று மெஷினே பார்க்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. நான் முன்பு இருந்த வீட்டின் மேல்மாடியில் இருக்கும் டேமியனிடம் சொன்னேன். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், காப்புறுதிக் கந்தோரில் வேலை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் பிரெஞ்சில் எழுதித் தந்தான்.

அந்த யோசனையைத்தான் எடுத்தார்கள். ஒரு சான்றிதழும் பூச்சாடியும் தந்து படமும் பிடித்தார்கள். நான் அனுப்பிய அந்தப் படத்தை நீர் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்.

குடும்பத்தைக் கூப்பிடப் போதுமான அளவில், பாரிசுக்கு வெளியே பொண்டியில் இரண்டு அறை வீடு கிடைத்ததும், ஜனவரி முப்பதாம் திகதி, பிள்ளைக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கும்போதே, உங்கள் இருவரையும் பதிந்தேன். அன்றைக்கே பதில் வந்தது. தகப்பன் பெயர் பொருந்தவில்லை, விண்ணப்பம் கிடைத்ததாகக் கணக்கில்லை.

டேமியனைக் கூட்டி வந்து காட்டினேன். அன்றைக்கு எழுதித் தந்த யோசனையைத் தேடி எடுத்துப் பார்த்தான். நான் தகப்பன் பெயர் என்று சொன்னதை அவன் 'நொம்' என்று எழுதியிருக்கிறான். எங்களுக்குத் தகப்பன் பெயர் என்றால் என் பெயர், வலன்ரைன், அது பிரியதர்சினி வலன்ரைன் என்று பிள்ளையோடு ஒட்டித்தான் இருக்கிறது. இவர்களுக்கு நொம் என்றால் குடும்பப் பெயர். என் வதிவிடக் கார்ட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர், மரியதாஸ். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அதே கட்டத்தில் வலன்ரைன். மெஷின் பார்த்தால் அவள் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை.

"அண்ணை, நான் யோசிக்கேல்லை, இஞ்சை நொம் எண்டா அதுதானே" என்று டேமியன் அழுதான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. கந்தோரில் எல்லாரும் என்னை முசியே மரியதாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எட்டு வருடமாக என் அப்பாவின் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற எனக்கல்லவா அது உறைத்திருக்க வேண்டும்!

பிள்ளைக்கு மரியதாஸ் என்று போட்டுப் பார்த்தேன், பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்றது. எனக்கு வலன்ரைன் என்று போட்டேன், கார்ட்டோடு பொருந்தவில்லை என்றது. பதினொரு தடவை. நேரில் சொல்ல ஆளும் இல்லை, புதுமை என்று கவுண்டரை மூடி எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் வாளியையும் தடியையும் வைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குப் பொறுப்பான மதாமின் அறைக் கதவைத் தட்டினேன். எழும்பி வந்து கை தந்தார். முழுக்கக் கேட்டார். இது மிகப் பயனுள்ள விடயம் முசியே மரியதாஸ், எழுதிப் பெட்டியில் போடுங்கள், ஜூனில் குழு கூடும் என்றார். பிள்ளையின் பிறந்த நாளுக்கு அப்போது எட்டு நாள் இருந்தது.

எழுதிப் போட்டேன். வேறு என்ன செய்வேன்? ஏப்ரலில் பிள்ளையின் பெயரை என் கையாலேயே அழித்துவிட்டு உம்மை மட்டும் பதிந்தேன். ஒரே தடவையில் போய்விட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

போன வியாழன் குழு கூடி, எங்கள் ஆட்களின் பெயர்களை அடுத்த மாதம் முதல் மெஷின் ஏற்கும் என்று முடிவெடுத்தது. என்னோடு வேலை செய்யும் கலாவதியக்காவின் ஊரிலிருக்கும் மகளுக்குப் பதினாறுதான், அவள் வந்துவிடுவாள். எனக்கு இன்னொரு சான்றிதழாம், படம் பிடிக்க வரச் சொன்னார்கள். இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை.

மலர், கார்த்திகையில் நீர் வாரும் என்று எழுதக் கை கூசுகிறது. அவளைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவீர்? வர வேண்டாம் என்று எழுதவும் முடியவில்லை. அவளுக்கென்று வாங்கிய கட்டில் ஜன்னலோரம் கிடக்கிறது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் நான் பிரிக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற என் படத்தைக் கழற்றும். கழற்றிவிட்டு இந்தக் கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடும். அவள் கோபித்தால் கோபிக்கட்டும், ஆனால் நேரத்துக்குப் பதிந்தேன் என்பதை மட்டும் நம்பச் சொல்லும். மாதா உங்கள் இருவரையும் ஒன்றாக வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
பிரியதர்சினியின் தகப்பன்
வலன்ரைன்