லதாவுக்குக் கணக்கு வராது

தாராவி, ஜனவரி 4

முதியோர் வகுப்பு முடிந்து நானே நோட்டில் எழுதும் மூன்றாம் நாள். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. எழுபத்திரண்டு வயதில் வந்த எழுத்து, மெதுவாகத்தான் வரும்.

டிவி நாடகத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் வருகிறாள். எந்தப் பெருக்கல் கேட்டாலும் கண்ணை மூடிச் சொல்லிவிடுகிறாள். என் மகள் லதாவுக்கும் ஆட்டிசம்தான். முப்பத்தாறு வயது. இத்தனை நாள் ‘பைத்தியம்’ என்ற சந்து இப்போது அவளைக் கும்பிடாத குறை. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைக்கூட அவளிடம் எடுத்து வருகிறார்கள்.

ஜனவரி 7

சந்துப் பொங்கலை நடத்தும் சங்கமான மண்டலின் செயலாளர் இசக்கிதுரை வந்தான். லதாவை மேடையில் உட்கார வைத்து, கூட்டம் கணக்குக் கேட்கட்டும் என்கிறான்.

“நாடகத்துல வார பொண்ணு மாதிரில்லா அண்ணாச்சி நம்ம லதா.”

அவளுக்குக் கணக்கு வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 8

சந்து முனையில் மண்டலின் கரும்பலகை. நின்று எழுத்துக் கூட்டினேன். ‘கணக்குப் புலி பிரேமலதா, தந்தை தளவாய்.’ என் மகள் பெயரையும் என் பெயரையும் ஊர் பார்க்கும் இடத்தில் நானே படித்தேன். மூன்று தரம். பால் வாங்க மறந்து வீடு வந்தேன்.

ஜனவரி 11

பதினேழு பெருக்கல் பதிமூன்று, இருநூற்று இருபத்தொன்று. இந்த ஒரு கணக்கை மட்டும் கேட்கச் சொல்லலாம் என்று மூன்று நாளாக லதாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்று காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சோறும் வேண்டாம் என்கிறாள்.

என் மனைவி பேராச்சி சத்தம் போடவில்லை. “நாடகக்காரன் அந்தப் பிள்ளைக்குக் கணக்கக் குடுத்தான், சரி. கணக்கு வரலன்னா நம்ம பிள்ள ஒங்களுக்கு ஆகாதோ?”

என்ன காரியம் செஞ்சிட்டேன் நான்? ஆச எனக்குத்தான். அவ என்ன கேட்டா?

ஜனவரி 12

விடிந்ததும் பலகைக்குப் போனேன். ஈரத்துணியால் ‘கணக்குப் புலி’யை அழித்தேன். பெயர்களை அழிக்க மனசு வரவில்லை. கீழே எழுதினேன்: ‘பொங்கலுக்கு வருவாள். கணக்கு வராது. சத்தம் ஆகாது.’ முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இசக்கிதுரை பின்னால் நின்று பார்த்திருக்கிறான். “மொதல்லயே சொல்லிருக்கலாம்லா,” என்றான். உண்மைதான். நான் எழுதியதை அழிப்பானோ என்று பயந்தேன். சாக்பீஸை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

ஜனவரி 15

ஸ்பீக்கரை ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். லதா எங்கள் பானைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தாள். கரும்பு தின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பானை பொங்கியதும் பெண்கள் குலவையை அடக்கிப் போட்டார்கள். லதா மட்டும் பலமாகப் போட்டாள்.