வழி கேட்காத உங்களுக்கு

இன்று காலை ஜொகூர் பாருவில் பஸ் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் இரு பக்கமும் சுருட்டிக் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துவிட்டான். நனைந்த படங்கின் புளித்த மணம் மூக்கில் ஏறியபோது உங்கள் ஞாபகம் வந்தது. கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். வேறு யாரிடம் சொல்ல? உங்களுக்கே எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு இது நிறைமாதம். அதற்காகத்தான் பெக்கான் நானாஸுக்கு வந்திருக்கிறேன். லாபிஸ் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது, "தனியவோ போறியள்?" என்று அயல்வீட்டு மனுசி வாயில் கைவைத்தாள். என் மனுசனோடு போனபோதும் வழி பார்த்தது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

தங்கச்சியின் தலைப்பிரசவம் நினைவிருக்கிறதா? அம்மா யாழ்ப்பாணத்தில். கப்பலேறி வர அவவால் முடியாது. "அக்கா, நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமில்லை" என்று தங்கச்சி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுடைய புருஷனுக்கு இங்கே அன்னாசித் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. உங்களுக்கு லாபிஸ் ஸ்டேஷனில் ரிக்கற் கொடுக்கிற உத்தியோகம். "ரெயில்வேக்காரனுக்கு வழி சொல்ல ஆர் இருக்கினம்?" என்பது உங்கள் வாய்ப்பாடு.

ஜொகூர் பாருவில் இரண்டு பஸ்கள் நின்றன.

"எது பெக்கான் நானாஸ் போகும் எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"எனக்குத் தெரியும். நீர் பேசாமல் ஏறும்."

ஏறினோம். பஸ் எங்களைக் கெலாங் பாத்தாவில் இறக்கிவிட்டது. எதிரே ஆறு, படகுத்துறை, சேற்று நாற்றம். அன்னாசி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. திரும்பிப் போகிற பஸ் பின்னேரம்தான் என்று பிறகு தெரிந்தது. அப்போதாவது யாரையாவது கேட்டீர்களா? "இஞ்சையிருந்து ஒரு குறுக்குப் பாதை இருக்கத்தான் வேணும்" என்று முன்னால் நடந்தீர்கள். வெயிலில், செம்மண் தூசியில், ரப்பர் மரங்களுக்குள்ளே நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பாதை ஒரு கண்டல் காட்டுச் சேற்றில் போய் முடிந்தது. வந்த வழியே திரும்பினோம். குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாவரண்டு நடந்தபோது என் மனதில் இருந்தது தங்கச்சியின் முகம் ஒன்றுதான்.

துறையடியில் ஒரு மலாய்க்கார அம்மா வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தா. நான் அவவிடம் போகத் திரும்பினேன்.

"பொம்பிளை போய் ரோட்டிலை நிண்டு கேக்கிறதோ?" என்றீர்கள்.

நான் போனேன். எங்கள் ரெயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் மரக்கறி கொண்டுவருகிற பெண்ணிடம் பேசிப் பேசி எனக்கு மலாய் வந்திருந்தது. உங்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. மலாயில் எண்களைத் தாண்டி ஒன்றும் வராது. ஒரு கடைக்காரிக்கு முன்னால் நாக்குத் தடுமாறிவிடுமோ என்றுதான் காலையிலிருந்து எங்களை அலைக்கழித்தீர்கள் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. சொல்லியிருந்தால் நான் ஜொகூர் பாருவிலேயே கேட்டிருப்பேனே.

"மக்சிக், பெக்கான் நானாஸ் போக வேணும்" என்று மாமி முறை வைத்து மலாயில் சொன்னேன். அவ சிரித்துவிட்டு, கருவாட்டுக் கூடை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு சீனரின் லொறியைக் காட்டினா. அவரிடமும் நானே பேசினேன். எனக்கு முன் ஆசனம் கிடைத்தது. நீங்கள் பின்னால், புளித்த படங்கின் கீழே, கூடைகளுக்கு நடுவே.

பொழுது சாய்கிற நேரம் வீட்டு வாசலில் கால் வைத்தோம். உள்ளே குழந்தை அழுதது. மலாய் மருத்துவிச்சி கை கழுவிக்கொண்டிருந்தா. தங்கச்சி என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு, அக்கா."

நான் வெந்நீர் எடுக்க வந்தபோது நீங்கள் சகலனிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "வழியிலை பஸ் பிழைச்சுப் போச்சுது. நான் ஒரு லொறியைப் பிடிச்சு ஒரு மாதிரிக் கொண்டுவந்து சேர்த்திட்டன்." பிள்ளை பிறந்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று வெந்நீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் காலையில் தங்கச்சி தானாகவே என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தையைக் கண்டு கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸடியில் என் முகத்தைப் பாராமல், "நீர் கேளும்" என்றீர்கள். அதற்குப் பிறகு மலாக்காவோ சிங்கப்பூரோ, எங்கே போனாலும் நான் கேட்பேன். நீங்கள் யாரோ எவரோ போலத் தள்ளி நிற்பீர்கள். பட்டுப் பட்டுத்தான் படித்தேன். இந்த ஊருக்குப் போகுமா என்று கேட்டால் எந்தச் சாரதியும் தலையாட்டுவான். எங்கே போகிறாய் என்று கேட்டு, அவன் வாயால் ஊர்ப்பேரைச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு கூடை வைத்திருக்கிற ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டும். சுமையோடு வீடு திரும்ப வேண்டியவளுக்குக் கடைசி பஸ் எப்போது என்று தெரியும். தண்ணீர்ப் போத்தலும் ஒரு காய்ந்த துணியும் பெட்டிக்குள் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஊரிலிருந்து புதிதாக வந்த பெடியளுக்கு நீங்கள் சொந்த அனுபவம் போலப் போதித்தீர்கள். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு கேட்டிருந்தேன். என் மனுசிதான் கேட்டவ என்று ஒரு சொல், ஒரு தரம், யார் முன்னாலும் உங்கள் வாயில் வரவில்லை.

இன்று மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டேன். தங்கச்சி வாசலில் நின்றாள்.

"ஆர் அக்கா கூட்டிக்கொண்டு வந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நானே கேட்டுக் கேட்டு வந்தனான். உன்ரை தலைப்பிள்ளை பிறந்த அண்டைக்கும் நான்தான் கேட்டனான்." இவ்வளவு காலம் அடக்கியது வெளியே வந்துவிட்டது.

"எனக்குத் தெரியுமே" என்றாள். "அடுத்த நாள் விடிய, நீ கிணத்தடிக்குப் போன நேரம், அத்தான் கதவடியில் வந்து நிண்டு சொன்னவர். 'அக்காவிலை கோவிக்காதை. அவ கேக்கச் சொன்னவ, நான்தான் கேக்கேல்லை. லொறி பிடிச்சதும் அவதான்' எண்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவர்."

நான் அப்படியே படியில் குந்திவிட்டேன். அவளிடம் சொல்ல முடிந்தது உங்களுக்கு. ஒரே வீட்டில், ஒரே கோச்சியில், அத்தனை வருடம் பக்கத்தில் இருந்த என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் உங்களை மனதுக்குள் எவ்வளவோ குறைவாக ஏசியிருப்பேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்த்த அன்றுகூட எனக்கு உள்ளே அந்தக் கோபம் இருந்தது.

தங்கச்சி இப்போது அயர்ந்து தூங்குகிறாள். பிள்ளை பிறந்து அவள் எழும்பி நடக்கும்வரை நான் இங்கேதான் இருப்பேன். தெரியாத ஊரில் யாரிடமும் போய் எதையும் கேட்க இப்போது எனக்குக் கூச்சமே இல்லை. உங்களிடம் கேட்க வேண்டிய அந்த 'ஏன்' ஒன்றை மட்டும் கேட்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.