தாத்தா முதலில் நடந்த பாதை

தம்பி,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

தாத்தா இறந்த செய்தி கேட்டுக் காலையில் ஓர் அம்மா வந்தார், ஓய்வுபெற்ற டீச்சர். "பட்டாளத்துல நான் உருளைக்கிழங்கு உரிச்சவன்டா" என்று தாத்தா நம்மிடம் சொன்னதெல்லாம் புளுகு. அவர் கண்ணிவெடி எடுத்தவராம். சண்டை முடிந்து மற்றவர்கள் வீடு திரும்பியும், இவர் மட்டும் தங்கி, அந்த அம்மா ஊர்ப் பள்ளிக்கூடப் பாதையை நாற்பது நாள் மண்டியிட்டுத் துழாவியிருக்கிறார்.

"முடிச்ச பிறகும் நாங்க யாரும் கால் வைக்க மாட்டேன்னுட்டோம். அவரே பூட்ஸைக் கழட்டிட்டு, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் குதிச்சுக் குதிச்சு நடந்து காட்டினார். அப்புறம்தான் இருபத்தாறு பிள்ளைங்களும் போனோம்" என்றார்.

நேற்று நீ தாத்தாவைச் 'சமையல்கட்டுச் சிப்பாய்' என்றதற்குச் சண்டை போட்டேனே, உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மன்னித்துவிடு.

சாயங்காலம் அந்த டீச்சரம்மா மறுபடி வருகிறார். எங்கும் போய்விடாதே.

அக்கா

இன்னொன்று. "தாத்தாவுக்குப் பயமே இல்லையா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "நடந்து காட்டிட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடிச்சார். எனக்கு ஏழு வயசு. அவர் கை அப்படி நடுங்கிச்சும்மா" என்றார்.