டன்லப் ஸ்ட்ரீட் மாடியின் வெள்ளைச் சுவர்

மாதா துணை

டன்லப் ஸ்ட்ரீட்,
சிங்கப்பூர்,
16.2.1962

அன்புள்ள எட்மண்ட் அண்ணனுக்கு, அம்மா சொல்ல உர்சுலா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், லண்டன் குளிரில் உங்கள் இருமல் நின்றதா என்று அம்மா கேட்கிறார்கள்.

இன்று காலை அப்பாவின் ஆபீசுக்குள் போனதும் முதலில் சுவரில் என் நிழலைப் பார்த்தேன். அந்த அறையில் நிழல் விழுந்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள் வரைந்து அனுப்பியபடியே ஜன்னலை அடைத்திருந்த தட்டியை எடுத்துவிட்டார்கள், ஜன்னல் முழுக்கக் கண்ணாடி, படம் வரையச் சாய்வு மேசை இரண்டு, குழல் விளக்கு, நாலு சுவரும் வெள்ளைச் சுண்ணாம்பு. நீங்கள் வந்து கடைகளுக்கு உள் அலங்காரம் வரைந்து கொடுக்கப்போகும் இடம் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமி வந்து அறையை மந்திரித்து ஆசீர்வதிக்கிறார்.

இதுவரை அம்மா எழுதச் சொன்ன சேதி. இனி நானே எழுதுகிறேன், மனசு பதறுகிறது. துறைமுகத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த அப்பா அவர்களுடைய ஊர் விலாசங்களைச் சுவரில்தானே பென்சிலால் குறித்து வைப்பார், அவர் இறந்த பிறகு ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அதைப் பார்த்துத்தான் எழுதிவந்தேன். நேற்றுச் சுண்ணாம்பு அடிக்கிறவர் ஏணியிலிருந்து, "தங்கச்சி, இந்தக் கிறுக்கல் மேல அடிச்சிடவா?" என்று கேட்டார். பேசக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சரி என்று எடுத்துக்கொண்டார்.

இன்று மத்தியானம் மருதப்பன் வந்தார், கப்பலில் மூட்டை இறக்குகிறவர். அவர் மகள் ஊரில் தலைப்பிரசவத்துக்கு இருக்கிறாள், ஒரு மாதமாகச் செய்தி இல்லை. "நம்ம ஆபீஸா லா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தார். பிறகு சுவரைத் தடவினார். "பாப்பா, என் மக விலாசம் இந்த மூலையிலதானே லா இருந்துச்சு? ஊர் பேரு தெரியும், போஸ்ட் ஆபீஸ் பேரு எனக்கு என்ன தெரியும்?" என்றார். மகள் போட்ட கடிதங்களையும் அப்பா பீரோவில்தான் வைத்திருந்தார், அது பழைய சாமானோடு போன வாரமே போய்விட்டது. அவர் திட்டியிருக்கலாம். "ரொம்ப அழகா இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா உங்கள் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக வேண்டாமாம், ஞாயிறு பூசையை விட வேண்டாமாம். அண்ணா, சுண்ணாம்பு இன்னும் முழுதாகக் காயவில்லை. நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, அடியில் பென்சில் எழுத்துத் தெரியுமா என்று அந்த மூலையை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கிவிட்டேன்.

அம்மா அல்போன்சம்மாளுக்காக,
தங்கை உர்சுலா